முகூர்த்தச் சேலையும் ரவிக்கையும்: கத்தரிக்கோல் படுவதற்கு முன்பு கவனிக்க வேண்டியவை

தை மாதக் கல்யாணங்கள் நெருங்குவதால், இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை மணப்பெண்ணின் உடையைப் பற்றியவையாகவே இருக்கின்றன. ஒரே விடயத்தைப் பலர் கேட்டிருந்தால் அவற்றைச் சேர்த்து ஒரே பதிலாகத் தந்துள்ளோம்.

கேள்வி: மகளுக்குத் தையில் கல்யாணம். கூறைச் சேலைக்கு மாப்பிள்ளை வீட்டார் 60,000 ரூபா வரை ஒதுக்கியிருக்கிறார்கள். ஹட்டனிலேயே எடுக்கலாமா, கண்டிக்கோ கொழும்புக்கோ போக வேண்டுமா, அல்லது திருச்சிக்குப் போகும் உறவினரிடம் சொல்லிவிடலாமா? அசல் பட்டுத்தான் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? — தலவாக்கலையிலிருந்து ஒரு தாய்

பதில்: 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் தோட்டத் தொழிலாளர்களுக்கு வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட 1,350 ரூபா நாட்சம்பளத்தில் கணக்குப் பார்த்தாலும், 60,000 ரூபா என்பது ஒருவருடைய 44 நாள் உழைப்பு. ஆகவே இந்தக் கேள்வியை விரிவாகவே எடுத்துக்கொள்கிறோம்.

ஒரேயொரு சேலைக்காகக் கடல் கடந்து சொல்லிவிடுவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். குடும்பம் முழுவதற்கும் துணி எடுப்பதானால் அங்குள்ள விலை வித்தியாசம் பயன்படலாம். ஆனால் ஒரு சேலையில் குறை கண்டால் அதைத் திருப்பிக் கொடுக்க மீண்டும் யார் திருச்சிக்குப் போவது? இலங்கைச் சட்டம் உங்களுக்குத் தரும் பாதுகாப்பு, இங்குள்ள விற்பனையாளரிடம் வாங்கிய பொருளுக்கே நடைமுறையில் உதவும். உறவினர் வாங்கி வருவதாக முடிவானால், பயணப் பொதியில் எவ்வளவு துணி கொண்டுவரலாம் என்பதைச் சுங்கத் திணைக்களத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். ஹட்டனிலும் கண்டியிலும் கொழும்பு வெள்ளவத்தையிலும் நல்ல சேலைகள் இருக்கின்றன. பெரிய ஊர்க் கடைகளில் தெரிவு அதிகம். பக்கத்து ஊர்க் கடையில், பிழை கண்டால் மறுநாளே போய் நிற்கலாம். மணப்பெண்ணை உடன் அழைத்துச் செல்ல முடிகின்ற கடையே சிறந்தது என்பது எங்கள் கருத்து.

இனி, பட்டைப் பற்றிச் சொல்கிறோம். காஞ்சிபுரம் பட்டுக்கு இந்தியாவில் 2005-06 காலப்பகுதியில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. ஆயினும் ‘காஞ்சிபுரம்’ என்ற பெயரை எந்தக் கடைக்காரரும் எந்தச் சேலைக்கும் வாயால் சொல்லிவிடலாம். சேலையில் ‘சில்க் மார்க்’ அட்டை தொங்கினால், அதில் ஹொலோகிராம் முத்திரையும் தனி இலக்கமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்த அட்டை பட்டு நூல் தூய்மையானது என்பதற்கு மட்டுமே சாட்சி. சரிகை வெள்ளிச் சரிகைதான் என்றோ, கைத்தறியில் நெய்யப்பட்டது என்றோ அது உறுதி கூறவில்லை. இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

எரித்துப் பார்க்கும் சோதனையைப் பலரும் அறிவார்கள். பட்டு நூல் எரியும்போது முடி கருகும் வாடை வரும். எஞ்சும் கரி விரலால் நசுக்கினால் பொடியாகும். பொலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக உறையும். ரேயான் என்னும் செயற்கைப் பட்டு காகிதம் எரிவது போல் மணக்கும். ஆனால் முந்தானைக் குஞ்சத்திலிருந்து எடுக்கும் நூல், நீளவாக்கில் ஓடும் பாவு நூல் மட்டுமே என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. பாவு பட்டாகவும் குறுக்கே ஓடும் ஊடை பொலியெஸ்டராகவும் நெய்யப்பட்ட சேலை இந்தச் சோதனையில் எளிதாகத் தேறிவிடும். எனவே ரவிக்கைத் துண்டு முடிகின்ற வெட்டு விளிம்பில், விளிம்புக்கு இணையாக ஓடும் நூல் ஒன்றை உருவி அதையும் எரித்துப் பார்க்க வேண்டும். கடைக்காரரின் அனுமதியோடு, கடைக்கு வெளியே, இரண்டே இரண்டு நூல்களில் இதைச் செய்துவிடலாம். நல்ல சரக்கு வைத்திருப்பவர் இதற்கு மறுப்புச் சொல்லக் காரணமில்லை.

சரிகையில் ஓர் இழையை நகத்தால் மெல்லப் பிரித்தால் உள்ளே ஒரு நூல் தெரியும். மரபுவழிச் சரிகையில் அது சிவப்புப் பட்டு நூலாக இருக்கும். அதன்மேல் வெள்ளித் தகடு சுற்றப்பட்டு, பொன் முலாம் பூசப்பட்டிருக்கும். செம்புக் கம்பியில் முலாம் பூசிய சரிகை விலை குறைந்தது. அதை வாங்குவதில் தவறேதுமில்லை; வெள்ளிச் சரிகையின் விலையைக் கொடுத்து அதை வாங்குவதே தவறு. உங்கள் தொகைக்குள் தூய பட்டும் முலாம் சரிகையும் கொண்ட சேலையைக் கேட்டு, அப்படியே பற்றுச்சீட்டில் எழுதி வாங்குவதுதான் நேர்மையான கொடுக்கல் வாங்கல்.

பணம் கொடுப்பதற்கு முன்பு சேலையை முழுவதுமாக விரித்து, முந்தானை தொடங்கி உள்முனை வரை, வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள். அறுந்த ஊடை, எண்ணெய்க் கறை, மடிப்போரத்தில் நைந்த இடம் ஆகியவை அப்போதுதான் தெரியும். நிறத்தை மின்விளக்கின் கீழ் தீர்மானிக்காமல் வாசலுக்குக் கொண்டுவந்து பாருங்கள். ஈரமாக்கிய வெள்ளைக் கைக்குட்டையால் கரையின் ஓர் ஓரத்தை அழுத்தித் துடைத்தும் பாருங்கள். அரக்குக் கரையின் நிறம் கைக்குட்டையில் ஏறினால், தூறல் விழும் நாளில் அது சேலையின் சந்தன நிற உடல்பகுதியிலும் ஏறும். ரவிக்கைத் துண்டோடு சேர்த்து நீளம் சுமார் 6.2 மீற்றர் இருக்கிறதா என்று அளக்கவும் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம் பக்கத்தில் கூறையை எடுப்பது பெரும்பாலும் மாப்பிள்ளை வீடு. ரவிக்கை தைப்பது பெண் வீடு. தையற்காரர் துணியை விரிக்கும்போது ஒரு குறை தெரிந்தால், பற்றுச்சீட்டு அந்த வீட்டில் இருக்கிறது, கேட்பதற்கு இந்த வீட்டுக்குக் கூச்சமாக இருக்கிறது, கல்யாணத்துக்கு முன்பே மனக்கசப்பு வரக்கூடாது என்று எல்லோரும் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். சேலை கைமாறும் அன்றே பற்றுச்சீட்டைக் கையடக்கத் தொலைபேசியில் படமெடுத்து இரு வீட்டாரும் வைத்துக்கொள்ளுங்கள். சம்பந்தி வீட்டாரிடம் இதைக் கேட்பது மரியாதைக் குறைவாகாது. அவர்கள் கொடுத்த பணத்தையும் சேர்த்துத்தான் நீங்கள் பாதுகாக்கிறீர்கள்.

கேள்வி: முகூர்த்த ரவிக்கை கைகளில் இறுக்கமாக வந்துவிட்டது. கையைத் தூக்கினால் முதுகுப் பக்கம் பிரிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. நான் உடம்பு வைத்துவிட்டேன் என்கிறார் தையற்காரர். கல்யாணத்துக்கு இரண்டு வாரமே இருக்கிறது. — பண்டாரவளையிலிருந்து ஒரு மணப்பெண்

பதில்: முதலில் ரவிக்கையைச் சரிசெய்யும் வழியைப் பார்ப்போம். உள்தையலைப் பிரித்து, பக்கத்துக்கு எவ்வளவு துணி மடிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பக்கத்துக்கு ஓர் அங்குலம் விட்டிருந்தால் வேலை எளிது. அப்படி விடாமல் ஒட்ட வெட்டியிருந்தால், இடுப்பில் செருகும் உள்முனையிலிருந்து நான்கு அங்குல அகலத்துக்கு ஒரு பட்டையை வெட்டி எடுத்து, அக்குளின் கீழும் கையின் உட்புறத்திலும் இணைப்புத் துண்டாக வைத்துத் தைக்கலாம். உடல் நிறமும் உள்முனை நிறமும் ஒன்றாக இருக்கும் சேலைகளில் அது வெளியே தெரியாது. மீற்றர் கணக்கில் வேறு துணி வாங்கி ஒட்டுப்போடுவதைவிட இது பன்மடங்கு நல்லது.

இனி, பொறுப்பு யாருடையது என்ற கேள்வி. அளவெடுத்த நாளில் எழுதிய அளவுகள் உங்கள் சீட்டில் இருக்கின்றனவா? இருந்தால், தைத்த ரவிக்கையை மேசையில் வைத்து நாடாவால் அளந்து பாருங்கள். சீட்டில் உள்ள அளவுக்குக் குறைவாக இருந்தால் அது தையற்காரரின் பிழை. கட்டணம் வாங்காமல் திருத்தித் தர வேண்டியது அவர் கடமை. சேவையை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்து கொடுக்க வேண்டும் என்பதை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் எதிர்பார்க்கிறது. சீட்டு அளவும் ரவிக்கை அளவும் ஒத்திருந்தால் அவரைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. திருத்தக் கூலியைக் கொடுத்துவிடுங்கள்.

இனித் தைக்கப்போகிறவர்களுக்காகவும் சில விடயங்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் ஊர்க் குளிரில் ஸ்வெட்டரைக் கழற்றாமலே அளவு கொடுப்பதும், பல வருடம் துவைத்துத் தளர்ந்துபோன பழைய ரவிக்கையை ‘இந்த அளவுக்கே தையுங்கள்’ என்று கொடுப்பதும் வழக்கமாகிவிட்டது. அன்றைக்கு அணியப்போகும் உள்ளாடையோடு, மேலே வேறொன்றும் இல்லாமல் அளவு கொடுங்கள். கையின் சுற்றளவை, கையைத் தொங்கவிட்டும் முழங்கையை மடக்கியும் இருமுறை எடுக்கச் சொல்லுங்கள். கொழுந்து பறித்துப் பழகிய கைகள் உறுதியானவை. தோளும் முதுகும் கூட அப்படியே. இடுப்பளவை வைத்துக் கையளவை ஊகித்து வெட்டும் தையற்காரரிடம் அந்தக் கைகளுக்கு இடமில்லாமல் போய்விடும். உடம்பில் எந்தக் குறையுமில்லை. அளவெடுத்த முறையில்தான் குறை.

லைனிங் துணியை முதலில் தண்ணீரில் நனைத்துக் காயவையுங்கள். நனைக்காத பருத்தி பின்னர் சுருங்கிப் பட்டுத் துணியையும் இழுத்துக்கொள்ளும். பிறகு லைனிங்கை மட்டும் ரவிக்கையாக நீளத் தையலில் தற்காலிகமாகத் தைத்து அணிந்து பாருங்கள். மாலை மாற்றுவதுபோல் இரு கைகளையும் தலைக்கு மேலே தூக்குங்கள். மணவறையில் இருப்பதுபோல் சம்மணமிட்டு உட்காருங்கள். பெரியவர்கள் காலில் விழுவதுபோல் குனியுங்கள். அதில் சரிவந்த அளவைக் கொண்டு மட்டுமே பட்டுத் துணியை வெட்ட வேண்டும். ஆரி வேலை செய்விப்பதானால் பூவேலைக்கு வெளியிலும் ஓர் அங்குலம் மடிப்பு இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். தை, வைகாசி, ஆவணி மாதங்களில் தையற்கடைகளில் வேலை நிரம்பி வழியும். ஆகவே துணியை ஆறு வாரத்துக்கு முன்பே கொடுத்து, கடைசி முறை அணிந்து பார்ப்பதைக் கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பாக வைத்துக்கொள்ளுங்கள். கூலியில் ஒரு பகுதியை அந்த நாள் வரை கையில் வைத்திருங்கள்.

கேள்வி: பேஸ்புக்கில் படம் பார்த்து, வங்கி மூலம் முழுப்பணமும் அனுப்பி வாங்கிய ‘தூய பட்டு’ச் சேலை, வந்து பார்த்தால் பளபளக்கும் செயற்கைத் துணி. மாற்றித் தரமாட்டோம் என்கிறார்கள். ரவிக்கை வெட்டியாகிவிட்டது. — நாவலப்பிட்டியிலிருந்து

பதில்: வெட்டியது உங்கள் நிலையைக் கடினமாக்கிவிட்டது. சேலையைப் பழைய நிலையில் திருப்பிக் கொடுக்க இனி முடியாது. விலையில் ஒரு பகுதியை நட்டஈடாகக் கேட்கும் வழியே உங்களுக்குப் பெரும்பாலும் மிஞ்சுகிறது. ஃபால்ஸ் அடிப்பதற்கும் துணி வெட்டுவதற்கும் முன்பே சோதித்துவிட வேண்டும் என்று இதனால்தான் திரும்பத் திரும்ப எழுதுகிறோம்.

ஆனாலும் கைவிட்டுவிடாதீர்கள். விவரித்துச் சொல்லி விற்ற பொருள் அந்த விவரத்துக்குப் பொருந்தியிருக்க வேண்டும் என்பது 1896ஆம் ஆண்டின் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டத்திலிருந்தே இந்நாட்டில் இருந்துவரும் விதி. ‘தூய பட்டு’ என்று எழுதியிருந்த பதிவு, வட்ஸ்அப் உரையாடல், வங்கிச் சீட்டு, பொதியில் ஒட்டியிருந்த அனுப்புநர் விபரம் ஆகியவற்றை அழிந்துபோகுமுன் சேமித்துவையுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்தை அழைத்துக் கேட்கலாம். முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும், அதுவும் வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். மாவட்டச் செயலகத்தில் உள்ள அச்சபையின் அதிகாரிகளிடமும் ஒப்படைக்கலாம். விற்றவர் பக்கத்து ஊர்க்காரர் என்றால் மத்தியஸ்த சபையும் ஒரு வழி. அங்கே செலவு மிகக் குறைவு.

நிறம் மனதுக்குப் பிடிக்கவில்லை, மாமியாருக்கு வேறு கரை வேண்டும் என்பன போன்ற காரணங்களுக்கு இந்தச் சட்டங்கள் உதவ மாட்டா. அது கடைக்காரரின் தயவு. ஆகவே மாற்றித் தருவதாக அவர் சொன்னால், எத்தனை நாளுக்குள் என்பதைப் பற்றுச்சீட்டின் பின்புறத்தில் எழுதி வாங்குங்கள். பற்றுச்சீட்டைக் கேட்டால் திகதி, அளவு, விலை ஆகியவற்றோடு தர வேண்டியது வியாபாரியின் சட்டக் கடமை.

கேள்வி: தேவாலயத்தில் திருமணம். வெள்ளை ஃபுரொக்கை வாடகைக்கு எடுப்பதா, தைப்பதா? — ஹட்டனிலிருந்து

பதில்: ஒரு நாள் மட்டுமே அணியப்போகிறீர்கள் என்றால் வாடகையே போதும். ஆனால் புத்தகத்தில் உள்ள படத்தைப் பார்த்து முற்பணம் கட்ட வேண்டாம். உங்களுக்குத் தரப்போகும் அதே உடையை அணிந்து பாருங்கள். எந்த இடத்தில் எவ்வளவு சுருக்கித் தருவார்கள், எந்த நாளில் கையில் கிடைக்கும், கறைபட்டால் வைப்புப் பணத்தில் எவ்வளவு பிடிப்பார்கள் என்ற மூன்றும் எழுத்தில் வேண்டும். உங்கள் திருமணத்துக்கு முந்தின சனிக்கிழமையும் அதே உடை வேறொருவருக்குப் போகிறதா என்று நேராகவே கேளுங்கள். போகிறதானால் துவைத்துத் திருத்த நேரம் போதாது. அன்றைக்கு அணியும் காலணியோடு நின்றுதான் கீழ்விளிம்பை அளக்க வேண்டும். லயத்துப் படியிலும் ஈரமான பாதையிலும் நடந்து வாகனத்துக்குப் போக வேண்டியிருந்தால், பின்னால் இழுபடும் நீளத்தைக் கொக்கி வைத்து மேலே தூக்கி மாட்டும்படி செய்யச் சொல்லுங்கள். வெள்ளைச் சேலையும் அழகுதான்; அது பிறகு பல வருடம் பூசைக்கு உதவும் என்பதால், விருப்பமிருந்தால் அதையும் யோசியுங்கள்.

கேள்வி: அம்மாவின் கூறைச் சேலையில் சரிகை கறுத்துவிட்டது. என் கல்யாணத்துக்கும் இதையே கட்ட விருப்பம். — மஸ்கெலியாவிலிருந்து

பதில்: வெள்ளிச் சரிகையானால் காற்றும் ஈரமும் பட்டுக் கறுத்திருக்கும். எலுமிச்சை, சாம்பல், பற்பசை எதையும் தேய்க்க வேண்டாம்; முலாம் போய்விடும். பட்டுச் சேலை துவைத்துப் பழகியவரிடம் உலர்சலவைக்குக் கொடுங்கள். முதலில் பழைய மடிப்பு வரிகளைச் சோதித்துப் பாருங்கள். அங்கே நூல் நைந்து, மெல்ல இழுத்தாலே பிரிந்தால் கொசுவம் பிடிக்கத் தாங்காது. முந்தானையையும் கரையையும் எடுத்துப் புதிய பட்டுத் துணியில் வைத்துத் தைக்கலாம். நூல் உறுதியாக இருந்தால் தாராளமாகக் கட்டுங்கள். பின்னர் பொலித்தீன் பையில் வைக்காமல் வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். மழை ஓய்ந்த நாட்களில் நிழலில் விரித்துக் காற்றாட விட்டு, ஒவ்வொரு முறையும் மடிப்பை வேறு இடத்தில் மாற்றி மடியுங்கள்.