காவலூர்க் கண்ணாடியும் ரோமன் கண்ணாடியும்: வாத்தியார் பதில்கள்

இந்த மாதத் தபாலைப் பிரித்துக் கொட்டினால் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: நாசா ஏவப்போகும் நான்சி கிரேஸ் ரோமன் விண்வெளித் தொலைநோக்கி. சரி, இந்த இதழை ரோமனுக்கே எழுதிக் கொடுத்துவிடுகிறேன். தங்கம் விலை எப்போது இறங்கும் என்று கேட்டிருக்கும் குடியாத்தம் அன்பர் மன்னிக்கவும், அது என் பாடம் இல்லை.

கேள்வி: ஆசியாவிலேயே பெரிய டெலஸ்கோப் நம்ம காவலூரில் இருக்கிறது. எங்கள் பஸ் அந்த மலைக்குத்தான் போகிறது. தரையிலேயே இத்தனை பெரிசு இருக்கும்போது கோடி கோடியாகக் கொட்டி மேலே எதற்கு அனுப்புகிறார்கள்?
(பஸ் கண்டக்டர், ஆலங்காயம்)

முதலில் அந்த ‘ஆசியாவிலேயே’ பட்டத்தை இறக்கி வைத்துவிடுங்கள் சார். நைனிடால் பக்கம் தேவஸ்தலில் 3.6 மீட்டர் தொலைநோக்கி ஒன்று 2016லிருந்து இயங்குகிறது. அதனால் நம்முடையதற்கு ஒரு குறைவும் இல்லை. 1986 ஜனவரி 6 அன்று ராஜீவ் காந்தி வந்து, வானியலாளர் வைணு பாப்புவின் பெயரைச் சூட்டிய தொலைநோக்கி அது. கண்ணாடிக் கட்டி ஜெர்மனியிலிருந்து வந்தது. தேய்த்து மெருகேற்றியது பெங்களூரில், நம் ஆட்கள். அதற்கும் முன்னால், 1977 மார்ச் 10 ராத்திரி, யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்துக் கடந்தபோது, அதே மலையில் இருந்த 1 மீட்டர் தொலைநோக்கியிலும் ஒளி மங்கியது பதிவானது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் தெரிந்துகொண்ட ராத்திரி அது. அப்போது அந்த மலை வடஆற்காடு ஜில்லா. இப்போது திருப்பத்தூர் மாவட்டம்.

இனி உங்கள் கேள்வி. காவலூர்க் கண்ணாடி 2.34 மீட்டர் அகலம். ரோமனின் கண்ணாடி 2.4 மீட்டர். வித்தியாசம் ஆறு சென்டிமீட்டர்! ஆலங்காயத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் இருப்பதும், பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் போகப்போவதும் கிட்டத்தட்ட ஒரே அளவு. அப்படியானால் தப்பு கண்ணாடியில் இல்லை, நமக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவில் இருக்கிறது.

அதை நான் என் வீட்டு நடையிலேயே பார்த்திருக்கிறேன். சத்துவாச்சாரியில் ஓய்வு நேரத்தில் ஆறங்குலக் கண்ணாடி தேய்ப்பது என் பொழுதுபோக்கு. கார்போரண்டம் பொடி போட்டு, தண்ணீர் தெளித்து, இரண்டு வட்டக் கண்ணாடிகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்துத் தேய்க்க வேண்டும். குழிவு சரியாக வந்ததா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. கண்ணாடியை நிமிர்த்தி வைத்து, சுமார் எட்டு அடிக்கு எதிரே ஊசித்துளை விளக்கு ஒன்றை ஏற்றி, திரும்பி வரும் ஒளி குவியும் இடத்தில் ஒரு சவரப் பிளேடை மெல்ல நுழைக்க வேண்டும். கண்ணாடி முழுக்க நிழல் படரும். மேடு பள்ளமெல்லாம் அதில் தெரியும். அந்த நேரத்தில் யாராவது கண்ணாடிக்கு முன்னால் உள்ளங்கையை நீட்டினால் போதும். ஒவ்வொரு விரலிலிருந்தும் சூடான காற்று புகை மாதிரி நெளிந்து நெளிந்து மேலே போவது தெளிவாகத் தெரியும். கையை எடுத்த பிறகும் அது அடங்கச் சற்று நேரம் ஆகும். ஒரு கையின் சூட்டுக்கே இந்தப் பாடு என்றால், பகல் முழுக்க வெயிலில் வெந்த வேலூர்ப் பாறையும் தார்ரோடும் ராத்திரி விடும் சூட்டை யோசித்துப் பாருங்கள். நட்சத்திரம் மினுக்குவதைக் கவிஞர்கள் ரசிப்பார்கள். வானியல்காரர்களுக்கு அது தலைவலி.

மலை மேல் ஏறினால் கொஞ்சம் குறையும், ஒழியாது. மேகம் வேறு இருக்கிறது. தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் போக, காவலூருக்கு நல்ல வானம் வாய்ப்பது பெரும்பாலும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை. அது மட்டுமில்லை, ரோமன் முக்கியமாகப் பார்க்கப்போவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில். அதில் ஒரு பகுதியைக் காற்றிலுள்ள ஈரமே குடித்துவிடும். போதாக்குறைக்குக் காற்றே அந்த ஒளியில் மங்கலாக மின்னவும் செய்யும். காற்றைத் தாண்டிப் போவது ஒன்றுதான் வழி.

கேள்வி: 1990ல் போன ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியின் கண்ணாடியும் 2.4 மீட்டர்தானே? முப்பத்தைந்து வருஷம் கழித்து அதே அளவில் இன்னொன்று அனுப்புவதில் என்ன பெருமை?
(செவிலியர், காட்பாடி)

நல்ல கேள்வி. ஆனால் கண்ணாடியை மட்டும் பார்க்காதீர்கள் அம்மா, அதன் பின்னால் இருக்கும் கேமராவைப் பாருங்கள். ரோமனின் கேமராவில் 18 உணர்விச் சில்லுகள். எல்லாம் சேர்ந்து சுமார் 300 மெகாபிக்சல். ஹப்பிள் படத்தின் அதே கூர்மையில், ஆனால் குறைந்தது நூறு மடங்கு அகலமான வானத்தை ஒரே படத்தில் அள்ளிவிடும். நம் பக்கத்து விண்மீன் மண்டலமான ஆண்ட்ரோமெடாவின் ஒரு பகுதியைப் படம் பிடிக்க ஹப்பிள் நானூறு தடவைக்கு மேல் முகத்தைத் திருப்பி, துண்டு துண்டாக எடுத்து ஒட்டவேண்டி வந்தது. ரோமனுக்கு இரண்டே திருப்பம். ஆழமாகப் பார்ப்பதற்கு ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி இருக்கிறது. அகலமாகப் பார்க்க ஆள் இல்லாமல் இருந்தது.

அந்தக் கண்ணாடிக்கு ஒரு பூர்வ கதை உண்டு. அது வானியலுக்காகச் செய்யப்பட்டதே இல்லை. அமெரிக்க உளவு செயற்கைக்கோள் துறை தனக்கென்று செய்து, வேண்டாம் என்று ஒதுக்கிய இரண்டு தொலைநோக்கிச் சாமான்களை 2012ல் நாசாவுக்குச் சும்மா கொடுத்தது. அதில் ஒன்றைத்தான் மறுபடி தேய்த்து, வெள்ளிப் பூச்சுப் பூசி ரோமனில் பொருத்தினார்கள். எடை 186 கிலோதான். ஹப்பிளின் கண்ணாடி 800 கிலோவுக்கு மேல். பக்கத்து நாட்டை எட்டிப் பார்க்கச் செய்த கண்ணாடி அண்டத்தை எட்டிப் பார்க்கப் போகிறது. இந்த மாதிரி செய்தி வாரம் ஒன்று வந்தால் பேப்பர் படிக்கவே சந்தோஷமாக இருக்கும்.

கேள்வி: தேதி சொல்லுங்கள் வாத்தியாரே. ஜேம்ஸ் வெப் மாதிரி இழுத்தடிப்பார்களா?
(செல்போன் கடைக்காரர், ஆற்காடு)

2027 மே மாதத்துக்குள் என்பது நாசா கொடுத்த கெடு. 2026ன் பிற்பகுதியிலேயே ஏவிவிடலாம் என்பது அவர்கள் குறி. முழுக்கப் பொருத்தி முடித்தது 2025 நவம்பரில், மேரிலாந்திலுள்ள காடர்ட் மையத்தில். ஏவுவது ஃபுளோரிடாவிலிருந்து, ஃபால்கன் ஹெவி ராக்கெட்டில். 2007ல் போகவேண்டிய வெப் 2021 கிறிஸ்துமஸ் அன்று போனதை நினைத்தால் உங்கள் சந்தேகம் நியாயமே. ரோமனையும் 2018லிருந்து அடுத்தடுத்து சில பட்ஜெட்டுகளில் கழித்துக்கட்டத்தான் பார்த்தார்கள். அமெரிக்க நாடாளுமன்றம் பணம் ஒதுக்கிக் காப்பாற்றியது. இவ்வளவு தூரம் வந்தது இனி நிற்காது என்பது என் கணக்கு.

கேள்வி: இந்தப் புது டெலஸ்கோப்பில் ராகு, கேது தெரியுமா?
(வாசகர், திருவலம்)

தெரியாது. நிலவின் பாதையும் சூரியனின் பாதையும் வானத்தில் வெட்டிக்கொள்ளும் இரண்டு புள்ளிகள் அவை. அங்கே பார்ப்பதற்குப் பொருள் ஏதும் இல்லை. நூறு மீட்டர் கண்ணாடி வைத்தாலும் இதே பதில்தான்.

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் வானியல்தான் படிப்பேன் என்கிறாள். வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
(இல்லத்தரசி, ராணிப்பேட்டை)

நான் சொல்வதைவிட, தொலைநோக்கிக்கு யார் பெயரை வைத்திருக்கிறார்கள் என்று அவளிடம் சொல்லுங்கள். நான்சி ரோமன் பிறந்தது 1925ல். பதினோரு வயதில் தோழிகளைச் சேர்த்துக்கொண்டு வானியல் சங்கம் நடத்திய பெண். பள்ளியில் லத்தீனுக்குப் பதில் இன்னொரு வருஷம் அல்ஜீப்ரா வேண்டும் என்று கேட்டபோது, எந்தப் பெண்ணாவது லத்தீனை விட்டுக் கணக்கை எடுப்பாளா என்று அங்கிருந்த ஆலோசகர் அம்மையாரே முகம் சுளித்தார். நான்சி கணக்கையே எடுத்தார். 1949ல் சிகாகோவில் டாக்டர் பட்டம். 1959ல் நாசாவில் சேர்ந்து அதன் முதல் தலைமை வானியலாளர். விஞ்ஞானிகளையும் அரசியல்வாதிகளையும் மேஜையைச் சுற்றி உட்காரவைத்து ஹப்பிளுக்கு ஒப்புதல் வாங்கியதில் பெரும்பங்கு அவருக்கு. 2018 டிசம்பரில் காலமானார். இந்தத் தொலைநோக்கிக்கு அவர் பெயர் வைத்தது 2020ல்.

வீட்டுக்காரர்களின் கவலை சம்பளம் பற்றியதாக இருக்கும். அதுவும் நியாயம்தான். இயற்பியல் பட்டம் எடுக்கட்டும், கூடவே கம்ப்யூட்டர் நிரல் எழுதக் கற்கட்டும். ரோமன் ஒரு நாளைக்கு அனுப்பப்போகும் தரவே சுமார் 1.4 டெராபைட். அத்தனையும் பூட்டி வைக்காமல் உலகத்துக்கே திறந்து விடப்போகிறார்கள். ராணிப்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு அதைத் தோண்ட அமெரிக்க விசா வேண்டாம்.

கேள்வி: வேற்றுக் கிரகங்களை எப்படிக் கண்டுபிடிக்கும்? நேரடியாகப் படம் எடுக்குமா?
(கல்லூரி மாணவர், வேலூர்)

இரண்டு வழி, தம்பி. முதல் வழி மறைமுகம். தனுசு ராசிப் பக்கம், நம் பால்வீதியின் மையத்தில் கோடிக்கணக்கான நட்சத்திரங்களைச் சுமார் கால் மணிக்கு ஒரு தடவை படம் எடுத்துக்கொண்டே இருக்கும். ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால் இன்னொன்று குறுக்கே வந்தால், முன்னதன் ஈர்ப்பு பின்னதன் ஒளியை வளைத்துப் பிரகாசமாக்கும். முன்னால் வந்ததற்குக் கிரகம் இருந்தால், அந்த ஏற்றத்தில் ஒரு சின்னத் துடிப்பு கூடுதலாக விழும். தாய் நட்சத்திரம் இல்லாமல் அநாதையாக அலையும் கிரகங்கள்கூட இதில் மாட்டும். நான் மிகவும் எதிர்பார்ப்பது இதைத்தான்.

இரண்டாவது வழி நேரடி. பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டி ராத்திரி பைக்கில் வரும்போது எதிர் லாரி ஹைபீம் போட்டால் என்ன செய்வோம்? கையைக் குறுக்கே வைத்து விளக்கை மறைத்துவிட்டுச் சாலையோரத்தைப் பார்ப்போம். ரோமனில் இருக்கும் கொரோனாகிராஃப் அதைத்தான் செய்கிறது. நட்சத்திரத்தை மறைத்துவிட்டுப் பக்கத்தில் கிரகத்தைத் தேடுகிறது. சூரியனைவிட வியாழன் ஏறத்தாழ 100 கோடி மடங்கு மங்கல் என்பதால் இது லேசுப்பட்ட காரியம் இல்லை. ரோமனில் இது ஒரு சோதனை முயற்சிதான். பூமி மாதிரி கிரகத்தின் படத்தை இதிலிருந்து எதிர்பார்க்க வேண்டாம். யூடியூபில் அப்படிச் சொல்கிறவரிடம் சந்தா கட்டவும் வேண்டாம்.

கேள்வி: ரோமன் போன பிறகு மொட்டை மாடியிலிருந்து பார்க்க முடியுமா?
(ஆட்டோ ஓட்டுநர், பாகாயம்)

முடியாது, அத்தனை தூரம். பூமியிலிருந்து பார்த்தால் சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம், வெப்பும் ஐரோப்பியத் தொலைநோக்கியான யூக்ளிடும் இருக்கும் வட்டாரத்தில் அது சுற்றும். வேண்டுமானால் ஹப்பிளைப் பாருங்கள். நம் தலைக்கு மேல் கடந்து போகும். சூரியன் இறங்கிய சற்று நேரத்துக்குள், மினுக்காமல் நகரும் ஒரு புள்ளி. நேரம் சொல்லும் செயலிகள் செல்போனிலேயே கிடைக்கின்றன.

கேள்வி: வேலூர் வெயிலைவிட விண்வெளியில் சூடு அதிகமா?
(மாணவி, சேண்பாக்கம்)

வெப் தொலைநோக்கியின் குடைக்குச் சூரியன் பக்கம் சுமார் 85 டிகிரி செல்சியஸ், நிழல் பக்கம் மைனஸ் 233. நமக்கும் அக்னி நட்சத்திரத்தில் அந்த நிழல் பக்கம் கொஞ்சம் கிடைத்தால் தேவலை.

கேள்வி: ஏவுதலை ஒட்டிப் பேரனுக்கு ஒரு டெலஸ்கோப் வாங்கித் தரலாம் என்று பார்க்கிறேன். ஐயாயிரம் ரூபாய்க்குள் எது நல்லது?
(ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், ஜோலார்பேட்டை)

அந்த விலைக்கு டெலஸ்கோப் வேண்டாம் ஐயா, 10x50 பைனாகுலர் வாங்குங்கள். ஏலகிரி உங்களுக்குப் பக்கத்தில்தான். ஏப்ரல் கடைசியில் நிலா இல்லாத ஒரு ராத்திரி, நடுநிசிக்கு மேல் தென்கிழக்கில் தனுசு எழும்பி வரும். அங்கே மங்கலான பஞ்சு மாதிரி ஒன்று தெரிந்தால் அது லகூன் நெபுலா என்ற வாயு மேகம். ரோமன் துழாவப்போகும் பால்வீதி மையம் அதற்கு அதிக தூரமில்லை. பேரன் அதைத் தானாகவே தேடிப் பிடிக்கட்டும், நீங்கள் காட்டிக் கொடுக்காதீர்கள். டெலஸ்கோப்தான் வேண்டும் என்று அடம் பிடித்தால் பணம் சேர்த்து ஆறங்குலக் கண்ணாடி வாங்குங்கள். பெட்டி மேல் ‘600 மடங்கு பெரிதாக்கும்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.