சந்தையில் விற்கும் ‘அசல்’ போர்ச் சுவரொட்டி: வாங்கலாமா?

கேள்வி: போர்க்காலச் சுவரொட்டிகளால் அரசுகள் மக்களை எப்படி வசப்படுத்தின என்று ஒன்பதாம் வகுப்பு மகள் கட்டுரை எழுத வேண்டும். டர்பன் ஞாயிறு சந்தையில் ‘கீப் காம் அண்ட் கேரி ஆன்’ (பதறாமல் உங்கள் வேலையைப் பாருங்கள்) என்ற பிரிட்டிஷ் சுவரொட்டியை, போர்க்கால அசல் என்று சான்றிதழோடு 1,500 ராண்டுக்குத் தருகிறார்கள். வாங்கலாமா?
– வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: வாங்காதீர்கள். பாதி விலைக்குத் தந்தாலும் வேண்டாம்.

அசலாகவே இருந்தாலும் அது கட்டுரைக்கு உதவாது. 1939-இல் பிரிட்டிஷ் அரசு சுமார் 24.5 லட்சம் பிரதிகள் அடித்து, பெரிய குண்டுவீச்சு வந்தால் ஒட்டலாம் என்று கட்டிவைத்தது. அநேகமாக ஒட்டவேயில்லை. 1940-இல் காகிதத் தட்டுப்பாடு வர, பெரும்பாலானவை கூழுக்குப் போயின. 2000-இல் இங்கிலாந்தின் ஆனிக் ஊரில் ஒரு பழைய புத்தகக் கடைக்காரர் கையில் ஒரு பிரதி சிக்கிய பிறகுதான் அது காபிக் கோப்பையிலும் டி-சர்ட்டிலும் ஏறியது. சுவரையே பார்க்காத சுவரொட்டி யாரை வசப்படுத்தியிருக்கும்?

அதே வரிசையில் ஒட்டப்பட்ட இன்னொன்றை எடுக்கச் சொல்லுங்கள்: ‘உங்கள் துணிவு, உங்கள் உற்சாகம், உங்கள் உறுதி நமக்கு வெற்றி தரும்.’ ஆங்கிலத்தில் ‘நமக்கு’, ‘எங்களுக்கு’ இரண்டுக்கும் ஒரே சொல்தான். பலர் அதை ‘எங்களுக்கு’ என்றே படித்தார்கள். பாடு உங்களுக்கு, வெற்றி மேலிடத்துக்கு! அந்த ஒரு சொல்லை வைத்தே மகள் ஒரு பக்கம் எழுதலாம்.

அடுத்து, சுவரொட்டி வந்த ஆண்டைப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் உலகப் போரில், 1914-இல் பிரிட்டிஷ் போர் அமைச்சர் கிச்சனர் ராணுவத்துக்கு ஆள் சேர்க்கும் சுவரொட்டியில் விரலை நீட்டினார். 1915-இல் இன்னொரு சுவரொட்டியில் அப்பா மடியில் உட்கார்ந்த சிறுமி, ‘அப்பா, போரில் நீங்கள் என்ன செய்தீர்கள்?’ என்று கேட்டாள். அப்போது பிரிட்டனில் கட்டாய ராணுவச் சேவை கிடையாது, ஆளை வெட்கப்படுத்தித்தான் இழுக்க முடியும். 1916 ஜனவரியில் கட்டாயச் சேவைச் சட்டம் வந்தது, கெஞ்சல் தேவைப்படவில்லை. நம் தென்னாப்பிரிக்காவிலோ இரண்டாம் உலகப் போரில் சேரலாமா என்ற நாடாளுமன்ற ஓட்டே 80-க்கு 67. கட்டாயப்படுத்தத் துணியாததால் கடைசிவரை அழைத்துக்கொண்டே இருந்தார்கள். அழைப்பை ஏற்றுப் போன நம் இந்திய வம்சாவளியினருக்குத் துப்பாக்கி தரவில்லை. ‘இந்தியன் அண்ட் மலாய் கோர்’ என்ற துணைப்படையில் வண்டி ஓட்டவும் சமைக்கவும் விட்டார்கள்.

ஒரு சுவரொட்டியை எந்தத் துறை வெளியிட்டது, யார் அச்சிட்டது என்பதெல்லாம் பெரும்பாலும் அடி ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும். வினாத்தாள் தயாரிப்பவர்கள் படத்தைத் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கி, அந்த ஓரத்தையும் வெட்டிவிட்டு ‘செய்தி என்ன?’ என்று கேட்கிறார்கள். பிள்ளை என்ன ஜோசியமா பார்க்கும்?

வியாபாரியும் அதே ஓரத்தைத்தான் படத்தின் மரச்சட்டத்துக்குள் மறைப்பார். சட்டத்தைக் கழற்ற மறுத்தால் நடையைக் கட்டுங்கள். பிரிட்டிஷ் சுவரொட்டிகளில் வழக்கமான அளவு 20-க்கு 30 அங்குலம். ஏ3 அளவு என்றால் அது நேற்று அடித்தது. புறஊதா டார்ச் அடித்தால் நீல வெள்ளையாக ஒளிரும் காகிதம் சுமார் 1950-க்குப் பிந்தையது. இதில் ஒரு விலக்கு உண்டு. கிழியாமல் இருக்கப் பழைய தாளின் பின்னால் புதுத் துணியோ காகிதமோ ஒட்டியிருப்பார்கள், அப்போது பின்பக்கம் மட்டும் ஒளிரும். ஆகவே முன்பக்கத்தில், மை படாத வெள்ளை இடத்தில் அடித்துப் பாருங்கள். ஒளிராவிட்டாலும் அசல் என்று ஆகிவிடாது, பழைய வெற்றுத்தாளில் அடிப்பவர்களும் உண்டு. சான்றிதழா? படத்தை அடித்த மெஷினே அதையும் அடிக்கும்.

கட்டுரைக்கு வேண்டிய படங்கள் லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் உள்ளன. பார்க்கக் காசு இல்லை.