நன்றிநாள் விருந்தில் நாட்டாமை வேலை

கேள்வி: எனக்கு 71 வயது. தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். நானும் மனைவியும் நியூஜெர்சியில் மகள் வீட்டுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. மாப்பிள்ளை சின்ன வயதிலேயே பெற்றோருடன் இங்கே வந்தவர். பேரனுக்கு 15 வயது. அப்பாவுக்கும் பிள்ளைக்கும் அமெரிக்கன் ஃபுட்பால் பைத்தியம். இதுவரை ஆடியவர்களிலேயே பெரிய ஆட்டக்காரர் லாரன்ஸ் டெய்லர்தான் என்று மாப்பிள்ளை, டாம் பிரேடிதான் என்று பேரன். போன வாரம் சாப்பிடும்போது பேச்சு முற்றி, "அவருக்கு ஏழு மோதிரம், உங்க ஆளுக்கு ரெண்டு. கணக்கு தெரியாதா உங்களுக்கு?" என்று பேரன் கேட்டுவிட்டான். மாப்பிள்ளை தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போய்விட்டார். மூன்று நாள் இருவருக்கும் பேச்சில்லை. இப்போது, "தேங்ஸ்கிவிங் விருந்தில் தாத்தா தீர்ப்பு சொல்லட்டும்" என்று இரண்டு பேருமே என்னைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்குக் கிரிக்கெட் தவிர வேறு விளையாட்டு தெரியாது. என்ன சொல்லட்டும்?
- பெயர் வேண்டாம், எடிசன், நியூஜெர்சி

பதில்: ஐயா, இரண்டு பேருமே உங்களை நடுவராக ஏற்றுக்கொண்டார்கள் என்றால், உங்களுக்கு ஆட்டம் தெரியாது என்பதுதான் காரணம். அதை மாற்றிக்கொள்ளாதீர்கள். ஆனால் விருந்து மேஜையில் உட்காருவதற்கு முன்னால் கொஞ்சம் தெரிந்துகொண்டு போவது நல்லது. நான் பதினோரு வருஷம் ஒஹாயோ மாநிலம் கிளீவ்லாந்தில் குப்பை கொட்டியவன். அந்த ஊர்க்காரர்கள் இந்த ஆட்டத்தைத் தவிர வேறு எதைப் பற்றியும் அழுது நான் பார்த்ததில்லை. அங்கே காதில் விழுந்ததை வைத்துச் சொல்கிறேன்.

கிரிக்கெட்டில் பிராட்மன் பெரியவரா, ஷேன் வார்ன் பெரியவரா என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? ஒருவர் மட்டை, இன்னொருவர் பந்து என்பீர்கள். ஆனாலும் வார்னும் மட்டை பிடித்தார், பிராட்மனும் ஃபீல்டிங் செய்தார். இங்கே அதுகூட இல்லை. பந்தை முன்னால் கொண்டு போவதற்குப் பதினோரு பேர், தடுப்பதற்கு வேறு பதினோரு பேர். பந்து கைமாறியதும் ஒரு கூட்டம் வெளியே போக, மற்ற கூட்டம் உள்ளே வரும். பிரேடி குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வாங்கி, யாருக்கு எறிவது என்று இரண்டு மூன்று நொடிக்குள் முடிவெடுக்கிறவர். டெய்லர் லைன்பேக்கர். அவருடைய முக்கியமான வேலையே அந்த இரண்டு மூன்று நொடியைக் கொடுக்காமல் குவார்ட்டர்பேக்கைப் பிடித்துச் சாய்ப்பது. அதற்கு 'ஸாக்' என்று பெயர். ஆக, உங்கள் வீட்டில் நடக்கிற சண்டை, பூட்டு பெரிதா, கள்ளச்சாவி பெரிதா என்கிற சண்டை.

பேரன் சொல்கிற ஏழு மோதிரம் உண்மைதான். பருவத்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை ஜெயித்த அணியில் ஆளுக்கொரு மோதிரம் போடுவார்கள், தலைதீபாவளி மாதிரி. பிரேடி நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணியில் ஆறு, பிறகு டேம்பா பேயில் ஒன்று வாங்கினார். எந்த ஓர் அணிக்கும்கூட ஏழு கிடையாது. 2000-ல் அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகப் பொறுக்கி எடுத்தபோது அவரை 199-வது ஆளாகத்தான் எடுத்தார்கள். அவருக்கு முன்னால் வேறு ஆறு குவார்ட்டர்பேக்குகள் போய்விட்டார்கள். அப்புறம் 23 பருவம் ஆடினார். கடைசி மோதிரம் வாங்கும்போது வயது 43. இதில் எதையும் மாப்பிள்ளை மறுக்க முடியாது.

ஆனால் மாப்பிள்ளை நியூயார்க் ஜயண்ட்ஸ் ரசிகர் என்று நினைக்கிறேன். அந்த அணி ஆடுவதே நியூஜெர்சியில்தான், டெய்லர் 1981 முதல் 1993 வரை ஆடியதும் அங்கேதான். அவர் கையில் ஒரு துருப்புச்சீட்டு இருக்கும். பிரேடியை சூப்பர் பவுலில் இரண்டு முறை தோற்கடித்தது ஜயண்ட்ஸ்தான். அதிலும் 2008-ல் பேட்ரியாட்ஸ் தொடர்ச்சியாக 18 ஆட்டம் ஜெயித்துவிட்டு வந்து நின்றது. அன்று ஜயண்ட்ஸ் தடுப்பாட்டக்காரர்கள் பிரேடியை ஐந்து முறை தரையில் சாய்த்தார்கள். 17-14. டெய்லர் ஓய்வு பெற்று 14 வருஷம் ஆகியிருந்தது. இருந்தாலும், "பார்த்தியா, எங்க ஆளு ஆரம்பிச்ச வேலை" என்று மாப்பிள்ளை சொல்லியிருப்பார். சொல்லட்டும்.

டெய்லரைப் பற்றிச் சொல்வதற்கு எண்கள் உதவாது. சிக்கலே அங்கேதான். ஸாக் கணக்கை அதிகாரபூர்வமாக எழுத ஆரம்பித்ததே 1982-ல். அவர் வந்தது 1981-ல். முதல் வருஷம் சாய்த்ததெல்லாம் கணக்கிலேயே இல்லை. பதிவான 132.5-ஐ வைத்துப் பார்த்தால் அவருக்கு முன்னால் நிறையப் பேர் இருக்கிறார்கள். புரூஸ் ஸ்மித்துக்கு 200, ரெஜி ஒயிட்டுக்கு 198. (அந்த அரை, இரண்டு பேர் சேர்ந்து சாய்த்தால் ஆளுக்குப் பாதி.) ஆனால் டெய்லர் ஒருவருக்காக எதிரணிகள் தங்கள் ஆட்களை நிறுத்துகிற விதத்தையே மாற்றின. வலது கைக்காரக் குவார்ட்டர்பேக் பந்தை எறியத் திரும்பும்போது அவருடைய இடது பக்கம் அவர் கண்ணுக்குத் தெரியாது. டெய்லர் அந்தப் பக்கமாகத்தான் வருவார். அந்த இடத்தைக் காவல் காக்கிற லெஃப்ட் டேக்கிள் என்கிற ஆளுக்குத் திடீரென்று மவுசு கூடியது. இன்று அவருக்குக் கொட்டிக் கொடுக்கிற சம்பளத்துக்கு டெய்லர் தந்த பயமும் ஒரு காரணம். வாஷிங்டன் அணியின் பயிற்சியாளர் ஜோ கிப்ஸ் டெய்லரை மறிப்பதற்கென்றே கூடுதலாக ஓர் ஆளை உள்ளே நகர்த்தி வைத்தார்.

1985 நவம்பரில் அதே வாஷிங்டனின் குவார்ட்டர்பேக் ஜோ தைஸ்மனை டெய்லர் சாய்த்தபோது கால் எலும்பு முறிந்துபோனது. அடுத்த நொடியே டெய்லர் எழுந்து இரண்டு கையையும் வீசி வைத்தியர்களைக் கூப்பிட்ட காட்சியை அந்தத் தலைமுறை மறக்கவில்லை. தைஸ்மன் அதற்குப் பிறகு ஆடவே இல்லை. அடுத்த வருஷம், 1986-ல், டெய்லருக்கு ஆண்டின் மிக மதிப்புவாய்ந்த ஆட்டக்காரர் பட்டம். ஏறக்குறைய எப்போதும் குவார்ட்டர்பேக்குக்கோ பந்தைத் தூக்கி ஓடுகிறவருக்கோ போகிற பட்டம் அது. தடுப்பாட்டக்காரர்களில் அவருக்கு முன்னால் வாங்கியவர் 1971-ல் ஆலன் பேஜ் ஒருவர்தான்.

இனி தீர்ப்புக்கு வருவோம். மோதிரக் கணக்கைக் கையில் எடுக்காதீர்கள். பேரனிடம் 2017 சூப்பர் பவுலைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அவனுக்கு மனப்பாடமாகவே இருக்கும். மூன்றாவது கால்பகுதியில் அட்லாண்டா 28, பேட்ரியாட்ஸ் 3. அங்கிருந்து எழுந்து வந்து, கூடுதல் நேரத்தில் 34-28 என்று பிரேடி ஜெயித்தார். பையன் பிரேடியையே பார்த்துக்கொண்டிருப்பான். நீங்கள் நான்காவது கால்பகுதியில், 28-12 என்று இருக்கும்போது நிறுத்தச் சொல்லுங்கள். அட்லாண்டாவின் குவார்ட்டர்பேக் மேட் ரயன் எறியப் பின்னால் போகிறார். பக்கவாட்டில் இருந்து டான்டா ஹைடவர் வந்து மோத, பந்து கீழே விழுகிறது, பேட்ரியாட்ஸ் எடுத்துக்கொள்கிறது. அதற்குப் பிறகுதான் அட்லாண்டாவுக்கு நடுக்கம் வந்தது. அந்த நேரம் பிரேடி எங்கே இருந்தார் என்று பேரனைக் கேளுங்கள். வெளியே உட்கார்ந்திருந்தார். ஹைடவர் என்ன ஆட்டக்காரர் என்றும் கேளுங்கள். லைன்பேக்கர். அப்பா சொல்கிற வேலை.

மாப்பிள்ளைக்கும் இதே மருந்து இருக்கிறது. டெய்லரின் முதல் மோதிரம் 1987 ஜனவரியில், டென்வர் அணியை 39-20 என்று ஜெயித்தபோது கிடைத்தது. அன்று ஆட்டநாயகன் டெய்லர் இல்லை; ஜயண்ட்ஸின் குவார்ட்டர்பேக் ஃபில் சிம்ஸ். எறிந்த 25-ல் 22 கைக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டாவது மோதிரம் 1991-ல், 20-19. பஃபலோ அணியின் ஸ்காட் நார்வுட் கடைசி நொடிகளில் உதைத்த பந்து கம்பத்துக்கு வலப்பக்கமாக விலகிப் போனதால் கிடைத்தது. அது நேராகப் போயிருந்தால் டெய்லர் ஒரு சுற்றுக் குறைந்துபோன ஆட்டக்காரரா என்ன? பேரன் மாப்பிள்ளையைக் கணக்கு கேட்டதைவிட இதைக் கேட்டிருந்தால் அவர் சிரித்துவிட்டு உட்கார்ந்திருப்பார்.

அப்படியென்றால் எதை வைத்துத்தான் அளப்பது? கிளீவ்லாந்தில் என்னோடு வேலை பார்த்த ஒரு பெரியவர் ஒரு வழி சொல்வார். அவனவன் காலத்தில், அவனவன் வேலையைச் செய்த அடுத்த ஆள் எவ்வளவு தூரம் பின்னால் நிற்கிறான் என்று பார். காலத்துக்குக் காலம் ஒப்பிட்டால் ஏமாந்துபோவாய். 1960 வரைக்கும் இந்த ஆட்டத்தை நடத்துகிற என்.எஃப்.எல். லீக்கில் பருவத்துக்குப் பன்னிரண்டு ஆட்டம்தான். அப்புறம் பதினான்கு, 1978 முதல் பதினாறு, 2021 முதல் பதினேழு. 1978-ல் விதியையும் தளர்த்தினார்கள். பந்தைப் பிடிக்க ஓடுகிறவரை ஐந்து யார்டு தாண்டியபின் தொட்டுத் தள்ளக்கூடாது என்று வந்ததும் எறிகிறவர்கள் கணக்கெல்லாம் வீங்கிப்போனது. பிரேடி எறிந்து சேர்த்த 89,214 யார்டை அந்தக் காலத்துக் குவார்ட்டர்பேக் ஜானி யூனிட்டஸின் எண்ணோடு வைத்துப் பார்ப்பது, அந்தக் காலத்து இரண்டணா இட்லியை இன்றைய விலையோடு ஒப்பிடுகிற மாதிரி.

அந்தப் பெரியவரின் அளவுகோலை வைத்தால் முதலில் வந்து நிற்கிறவர் ஜெரி ரைஸ். பந்தைப் பிடிக்கிற வைட் ரிசீவர். மிசிசிப்பியில் கொத்தனார் பிள்ளை. அப்பாவுக்குச் செங்கல் எடுத்துக்கொடுக்கும்போது அண்ணன் தம்பிகள் மேலே வீசுகிற செங்கல்லைப் பிடித்துப் பழகிய கை. அவர் சேர்த்தது 22,895 யார்டு. இரண்டாவதாக இருக்கிற லாரி ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு 17,492. நடுவில் 5,000 யார்டுக்கு மேல் காலி. 1987-ல் வேலைநிறுத்தம் வந்து பருவம் சுருங்கியது. அவர் ஆடியது 12 ஆட்டம், பிடித்த டச்டவுன் (பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டுவது) 22. அந்த வருஷம் அவருக்கு அடுத்தவருக்கு 11. சரிபாதி!

அடுத்தவர் ஜிம் பிரவுன். கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணிக்காக 1957 முதல் 1965 வரை பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடியவர். ஒன்பது பருவத்தில் எட்டில் லீக்கிலேயே அதிக தூரம் ஓடியது அவர்தான். ஒவ்வொரு முறை பந்து கைக்கு வந்ததற்கும் சராசரி 5.2 யார்டு, நான்கு வந்தாலே நல்ல ஆள் என்பார்கள். ஓர் ஆட்டம்கூட அடிபட்டு உட்காரவில்லை. அவரைச் சாய்த்ததும் அடிபட்டவர் மாதிரி மெதுவாக எழுவாராம், ஒவ்வொரு முறையும். நிஜமாகவே அடிபட்டால்கூட எதிராளிக்குத் தெரியக்கூடாது, அதற்காக! 1966-ல் லண்டனில் ஒரு சினிமாப் படப்பிடிப்பில் இருந்தார். பயிற்சி முகாமுக்கு வராவிட்டால் அபராதம் என்று அணி முதலாளி சொன்னார். "சரி, நான் ஆடவில்லை" என்று விலகிவிட்டார். வயது 30. முந்தின பருவத்தின் மிக மதிப்புவாய்ந்த ஆட்டக்காரரும் அவரே. அவர் விட்டுப்போன 12,312 யார்டைத் தாண்ட 1984-ல் வால்டர் பேட்டன் வரவேண்டியிருந்தது.

என்னைக் கேட்டால் ஜிம் பிரவுன்தான். கிளீவ்லாந்து உப்பைத் தின்றவன் வேறு என்ன சொல்வான் என்று நீங்கள் நினைக்கலாம், நினைத்தால் தப்பில்லை. "அந்தக் காலத்தில் எதிரே நின்றவங்க எல்லாம் சின்ன ஆளுங்க" என்று பேரன் சொன்னாலும் அதில் நியாயம் உண்டு. ஏறக்குறைய 230 பவுண்டு எடையோடு அவர் ஓடிவந்தபோது, தடுக்க நின்றவர்களில் பலர் அந்த எடைக்கு வரமாட்டார்கள். ரைஸ் மேல் அந்தக் குற்றச்சாட்டையும் வைக்க முடியாது. ஆனால் தயவுசெய்து இந்த இரண்டு பெயரையும் தீர்ப்பு நாளில் உச்சரித்துவிடாதீர்கள். மூன்றாவது ஆளைக் கொண்டுவந்த நடுவரை அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து அடிப்பார்கள். சமாதானத்துக்கு அது ஒரு வழிதான், ஆனால் எழுபத்தோரு வயதில் வேண்டாம்.

இன்னொன்று. உங்கள் மகள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "டெய்லர் போதைப் பழக்கத்தால் 1988-ல் ஆட்டத்தில் இருந்து தள்ளிவைக்கப்பட்டவர்தானே, இந்த ஆளைப் போயா?" என்று ஒரு வார்த்தை போட வாய்ப்பிருக்கிறது. அது உண்மை. ஆனால் அது வேறு கேள்வி. இட்லி மாவு ஆட்டும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிவிடுங்கள்.

தீர்ப்பை இப்படிச் சொல்லிப் பாருங்கள். "பேரா, குவார்ட்டர்பேக்குகளில் பிரேடிக்கு மேலே ஆள் இல்லை. மாப்பிள்ளை, தடுக்க நின்றவர்களில் டெய்லருக்கு மேலே ஆள் இல்லை. இரண்டு பேரும் ஒரே ஆட்டத்தில் எதிரெதிரே நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதை நீங்கள் இரண்டு பேரும் எனக்கு விளக்குங்கள்." அதற்கு மேல் நீங்கள் பேசவேண்டியதே இருக்காது. ஒருவர் டெய்லர் எந்தப் பக்கமாக வருவார் என்று உப்புக் குப்பியை நகர்த்திக் காட்டுவார். மற்றவன், "அதுக்குள்ளே பந்து கையை விட்டுப் போயிருக்கும்" என்று கரண்டியை நகர்த்துவான். பிரேடி பந்தைச் சட்டென்று எறிந்துவிடுவதில் பேர்போனவர், எனவே பையன் சும்மா விடமாட்டான். சண்டை அப்படியேதான் இருக்கும், ஆனால் இரண்டு பேரும் உங்களைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். மூன்று நாள் மௌனத்துக்கு இது எவ்வளவோ மேல். பேரனிடம் மட்டும் தனியாக, "கணக்கு தெரியாதா என்று அப்பாவைக் கேட்டது தப்பு" என்று சொல்லிவிடுங்கள். அதைத் தாத்தா சொன்னால்தான் எடுபடும்.

தேங்ஸ்கிவிங் அன்று டிவியில் டெட்ராய்ட் லயன்ஸ் ஆட்டம் கட்டாயம் ஓடும்; அந்த நாளில் அவர்கள் ஆடுவது 1934-ல் இருந்து வழக்கம். சம்பந்தி வீட்டில் இருந்தும் யாராவது வந்திருப்பார்கள். அவர்களில் ஒருவர் ஸ்கோரைப் பார்த்துவிட்டு, "பாரி சாண்டர்ஸ் மட்டும் 1999-ல் விலகாமல் இருந்திருந்தால்..." என்று ஆரம்பிப்பார். லயன்ஸ் அணிக்காகப் பத்தே பருவத்தில் 15,269 யார்டு ஓடிவிட்டு, பேட்டனின் சாதனைக்கு 1,457 யார்டு பாக்கி இருக்கும்போது வீட்டுக்குப் போனவர். அந்தப் பேச்சு தொடங்கியதும் நீங்கள் பாயசம் எடுத்துவர உள்ளே போய்விடுங்கள்.