எட்டு மாதக் குழந்தையோடு ரயில் மியூசியம் போகலாமா?

வில்லிவாக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "மூத்தவனுக்கு நான்கரை வயது, ரயில் என்றால் உயிர். சென்னை ரயில் மியூசியத்துக்குக் கூட்டிப் போகச் சொல்லி ஒரு மாதமாக நச்சரிக்கிறான். சின்னவளுக்கு எட்டு மாதம். அவளையும் தூக்கிக்கொண்டு போகலாமா, இல்லை அம்மா வீட்டில் விட்டுப் போகட்டுமா?"

தாராளமாகத் தூக்கிப் போங்கள். நான் குழந்தை மருத்துவர். இந்த விஷயத்தில் எனக்குக் கவலை இரண்டுதான்: வெயில் ஒன்று, அவளுடைய உள்ளங்கை இன்னொன்று.

முதலில் வெயில். நியூ ஆவடி சாலையில் ஐசிஎஃப் (ரயில் பெட்டித் தொழிற்சாலை) வளாகத்தை ஒட்டியிருக்கும் அந்த மியூசியத்தில் பெரிய எஞ்சின்களும் பெட்டிகளும் திறந்தவெளியில்தான் நிற்கின்றன. கைக்குழந்தையின் உடல் நம்மைவிட வேகமாகச் சூடேறும், வியர்த்துத் தணிவதும் குறைவு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். கத்திரி வெயிலில் வேண்டவே வேண்டாம். திறந்தவுடன் உள்ளே போய், வெயில் ஏறுவதற்குள் வெளியே வந்துவிடுங்கள். திங்கள்கிழமை விடுமுறை, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரோலர் கொண்டுபோனால், வெயில் படக்கூடாதென்று அதன்மேல் துணியைப் போட்டு மூடாதீர்கள். பலரும் செய்கிறார்கள். உள்ளே காற்றோட்டம் நின்று, மூடாமல் விட்டதைவிடச் சூடு ஏறிவிடும். என்னைக் கேட்டால் ஸ்ட்ரோலரே தேவையில்லை, ஜல்லியிலும் தண்டவாள ஓரத்திலும் அதைத் தள்ளுவது பெரும்பாடு. குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் துணி கேரியர் போதும். குழந்தையின் முகம் உங்களுக்குத் தெரிய வேண்டும், தாடை நெஞ்சில் ஒட்டி மடங்கக் கூடாது. அடிக்கடி தாய்ப்பால் கொடுங்கள், இடையிடையே காய்ச்சி ஆறிய தண்ணீர் ஓரிரு வாய் கொடுக்கலாம். இதைப் படிப்பவர்களில் ஆறு மாதம் நிரம்பாத குழந்தை வைத்திருப்பவர்களுக்கு: எந்த வெயிலிலும் தண்ணீர் வேண்டாம், பால் மட்டும்தான்.

இனி உள்ளங்கை. இதைத்தான் யாரும் சொல்வதில்லை.

என் தங்கை மகளை ஒன்பது மாதத்தில் இப்படியொரு பழைய எஞ்சின் பக்கம் தூக்கிக்கொண்டு நின்றேன். நான் அண்ணாந்து புகைபோக்கியைப் பார்த்த நேரத்தில் அவள் சக்கரத்தின் விளிம்பைத் தடவியிருக்கிறாள். எச்சில் ஈரமான அந்தக் கையில் துருவும், நகக்கண் அளவில் பச்சை பெயிண்ட் செதில் இரண்டும் ஒட்டியிருந்தன. கை வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. பிடித்துவிட்டேன்.

பழைய பெயிண்டில் ஈயம் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். நம் நாட்டில் வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்மை (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற விதியே 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. இந்த எஞ்சின்களோ அதற்கு எத்தனையோ காலம் முந்தியவை. எதில் என்ன பெயிண்ட் என்று பார்த்துச் சொல்ல முடியாது. உரிந்து நிற்கும் பெயிண்ட் என்றால் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வளரும் மூளைக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. ஒருமுறை கை பட்டுவிட்டால் பதற வேண்டாம், கழுவினால் சரி. ஆனால் சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். சானிடைசர் கிருமியைக் கொல்லும், ஈயத்தை அகற்றாது. ஒரு பாட்டில் தண்ணீரும் சின்ன சோப்பும் பையில் இருக்கட்டும். குழாய் தேடி அலைய வேண்டாம். குழந்தை வயிறு நிறைந்திருக்கட்டும், வெறும் வயிற்றில் ஈயம் கூடுதலாக உடலில் சேரும். கீழே விழுந்த நிப்பிளையோ பொம்மையையோ கழுவாமல் திரும்பக் கொடுக்காதீர்கள். மூத்தவனுக்கும் இதே விதிதான், தின்பண்டத்தைத் தொடுவதற்கு முன் கை கழுவியாக வேண்டும்.

எஞ்சின் படிகள் செங்குத்தானவை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறவே கூடாது. அங்கே ஓடும் பொம்மை ரயிலில் உங்கள் கணவர் மூத்தவனோடு ஏறட்டும், நீங்களும் சின்னவளும் மரநிழலில் நில்லுங்கள். அது அவளுக்கு இழப்பே இல்லை. எட்டு மாதத்தில்தான் 'கண்ணில் படாவிட்டாலும் பொருள் இருக்கிறது' என்ற புரிதல் ஊன்றத் தொடங்குகிறது. ரயில் வளைவில் மறையும். 'அண்ணா எங்கே?' என்று கேளுங்கள். திரும்பி வரும்போது அவள் முகத்தைப் பாருங்கள். எனக்குத் தெரிந்து எட்டு மாதக் குழந்தைக்கு ஒரு ரயில் மியூசியம் தரக்கூடிய மிகப் பெரிய காட்சி அதுதான். ஹாரன் சத்தத்துக்கு உடம்பு தூக்கிவாரிப் போட்டால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சற்றுத் தள்ளிப் போங்கள்.

அவள் காலைத் தூக்கம் எத்தனை மணிக்கு என்பதை வைத்தே கிளம்பும் நேரத்தை முடிவு செய்யுங்கள். ஒன்றரை மணி நேரம் போதும். எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும் என்று மூத்தவன் அடம்பிடித்தால், மீதியை அடுத்த முறை அப்பாவும் அவனும் மட்டும் போய்ப் பார்க்கலாம்.

வீடு திரும்பியதும் செருப்பை வாசலிலேயே விடுங்கள். இருவரையும் குளிப்பாட்டி, போட்டிருந்த துணியையும் கேரியரையும் அன்றே துவைத்துவிடுங்கள்.