வாசகர் கேள்வி – பதில்: இரண்டு வீடு, ஒரு படம்

சிங்கப்பூரில் 2020இல் கோவிட் ஊரடங்காக வந்த சர்க்கிட் பிரேக்கர் நாள்களில், முக்கியமாக மே மாதம் முழுக்க, வீட்டில் என்னென்ன பார்த்தீர்கள்? எது மனத்தில் நின்றது?
– வாசகி, ஜூரோங் வெஸ்ட்

நிறையப் பார்த்தேன். நின்றது 'நினைத்தாலே இனிக்கும்'.

நான் உட்லண்ட்ஸில் இருக்கிறேன், அம்மா தோ பாயோவில். ஏப்ரல் 7இலிருந்து வேறு வீட்டில் இருக்கும் பெற்றோரைப் போய்ப் பார்க்க முடியாது என்று ஆகிவிட்டது. ஒத்தாசை தேவைப்படுகிற முதியவர் என்றால் போகலாம். அம்மாவுக்கு 64 வயது, மார்க்கெட்டும் சமையலும் தானே பார்த்துக்கொள்வார். அதனால் போக வழியில்லை. மூன்று வாரத்தில் ஃபோனில் பேச்சு தீர்ந்துபோனது. 'சாப்பிட்டியா, என்ன குழம்பு' என்பதோடு நின்றுவிடும். மே முதல் தேதி அம்மாதான் சொன்னார்: "நீயும் படத்தப் போடு, நானும் போடுறேன். சேந்து பாப்போம்."

அன்றிலிருந்து தினமும் இரவு 9 மணி. ஃபோனை ஸ்பீக்கரில் வைத்து, 'ஒண்ணு, ரெண்டு, மூணு' சொல்லி இருவரும் ரிமோட்டை அழுத்துவோம். அப்படியும் அம்மா வீட்டுப் படம் இரண்டு விநாடி முந்தியே ஓடும். 'காதலிக்க நேரமில்லை'யில் பாலையாவுக்கு நாகேஷ் பேய்க்கதை சொல்வாரே, அந்தக் காட்சியை அப்படித்தான் பார்த்தேன். ஃபோனில் அம்மாவின் சிரிப்பு முதலில் வரும், டிவியில் நாகேஷ் அப்புறம். 'அந்த நாள்' படத்துக்கு அம்மா லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. 1954இல் பாட்டே இல்லாமல் வந்த படம் அது. பாதியில் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று "அம்மா?" என்றேன். "சும்மா இரு, கொன்னது யாருன்னு பாக்கணும்" என்றார்.

சரி, 'நினைத்தாலே இனிக்கும்'. பாலசந்தர் சிங்கப்பூருக்கு வந்து எடுத்து 1979இல் வெளியான படம். கதை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது, எம்.எஸ்.வி.யின் பாட்டுக்காகவே எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்ப்பேன். அம்மா கமலையும் பார்க்கவில்லை, ரஜினியையும் பார்க்கவில்லை. அவர்களுக்குப் பின்னால் இருக்கிற ஊரைப் பார்த்தார். அவர் 1977இல் கல்யாணமாகி எம்.வி. சிதம்பரம் கப்பலில் வந்து இறங்கியவர். படத்தில் இருப்பது அவர் வந்து இறங்கிய அதே ஊர். படம் வந்தபோது சாங்கி விமான நிலையம் திறக்கவில்லை. எம்ஆர்டி ரயில் ஓட இன்னும் எட்டு வருஷம் இருந்தது.

"நிறுத்து, நிறுத்து" என்பார். நிறுத்துவேன். அவர் பார்க்கிற இடம் என் டிவியில் இன்னும் வந்திருக்காது. கொஞ்சம் ஓட்டி, மறுபடி நிறுத்தி, எதைச் சொல்கிறார் என்று தேடுவேன். பின்னால் நிற்கிற யாரோ ஒருவரின் அகலக் காலர் சட்டை. "உங்கப்பாட்ட இதே மாதிரி ஒண்ணு இருந்துச்சு. காப்பிக்கொட்டைக் கலரு."

அப்பா இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அந்தச் சட்டையில் தொடங்கிய பேச்சு எங்கெங்கோ போனது. வந்த புதிதில் அம்மா தனியாக பஸ் மாறி ஏறி, கடைசி நிறுத்தம் வரை போய், அழுதுகொண்டு நின்றிருக்கிறார். ஒரு மலாய்ப் பாட்டி கையைப் பிடித்துக் கூட்டிவந்து சரியான பஸ்ஸில் ஏற்றிவிட்டாராம். இவருக்கு மலாய் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. நான் அம்மாவின் ஒரே மகள். இந்தக் கதையை அன்றுதான் முதன்முதலாகக் கேட்கிறேன். படம் முடிய நள்ளிரவு தாண்டிவிட்டது.

நோய்த்தொற்று பற்றிய படங்களைப் பார்த்தால் பயம் தெளியும் என்கிறார்களே?
– வாசகர், பிடோக்

எனக்குத் தெளியவில்லை. ஏப்ரல் 20 இரவு 'கண்டேஜியன்' போட்டேன். 2011இல் வந்த, மிகக் கவனமாக எடுத்த படம். ஆனால் அன்று ஒரே நாளில் இங்கே 1,426 பேருக்குத் தொற்று. பெரும்பாலோர் தங்குவிடுதிகளில் இருந்த வெளிநாட்டு ஊழியர்கள். எங்கள் புளோக்கில் புல்வெட்ட வரும் தஞ்சாவூர்த் தம்பியும் அப்படியொரு விடுதியில்தான் இருந்தார். இருபதாவது நிமிஷம் படத்தை நிறுத்திவிட்டு அவருக்கு ஃபோன் போட்டேன். காய்ச்சல் இல்லை என்றார். "அக்கா, வடிவேலு காமெடி இருந்தா அனுப்புங்கக்கா" என்றார். அனுப்பினேன். அறையில் 12 பேரும் ஒரே ஃபோனைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்களாம்.

'பொன்மகள் வந்தாள்' தியேட்டருக்குப் போகாமல் ஆன்லைனில் நேராக வீட்டுக்கே வந்துவிட்டது. இனி தியேட்டர் எதற்கு?
– வாசகர், செங்காங்

வேண்டும். மே 29 அன்றே நாங்களும் அதைப் பார்த்தோம், ஃபோன் வழியாகத்தான். நீதிமன்றக் காட்சிகளில் அம்மா ஜோதிகாவுக்கு முன்னால் தானே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்து கேட்க வேண்டிய பேச்சு அது. இங்கே மார்ச் 26 இரவு மூடிய தியேட்டர்கள், 2020 ஜூனில் இதை எழுதும்போது இன்னும் திறக்கவில்லை. திறந்ததும் எங்களுக்கு இரண்டு டிக்கெட்.

ஜூன் 2இலிருந்து ஒரு நாளைக்கு இரண்டு பேர் பெற்றோர் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அன்றைக்கே நானும் மகனும் தோ பாயோ போனோம். சாப்பிட்டு முடித்ததும் அம்மா மறுபடி 'நினைத்தாலே இனிக்கும்' போட்டார். காலர் சட்டை வந்ததும் "நிறுத்து" என்றார். ரிமோட் என் கையில் இருந்தது.