பழைய பெயிண்டில் ஈயம் இருக்கிறதா என்று மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் (அணுக்களை எடைவாரியாகப் பிரித்து எண்ணும் கருவி) எப்படிக் கண்டுபிடிக்கிறது? சிமெண்டுக்கும் அதே சோதனை போதுமா?

சுரண்டிய பெயிண்டை அப்படியே கருவியில் போட முடியாது. பொடித்து, நைட்ரிக் அமிலத்தில் மைக்ரோவேவ் சூட்டில் கரைக்க வேண்டும். முடிவு தவறிப்போவது பெரும்பாலும் இங்கேதான்: கரையாமல் அடியில் தங்கிய ஈயம் கணக்கிலேயே வராது.

கரைசலை நீர்க்கச் செய்து, நுண்துளிகளாக ஆர்கான் பிளாஸ்மாவுக்குள் (மிகச் சூடான, மின்னேறிய ஆர்கான் வாயு) அனுப்புவார்கள். பல ஆயிரம் டிகிரி வெப்பத்தில் எல்லாம் தனித்தனி அணுக்களாக உடைந்து, மின்னேற்றம் பெற்று அயனிகளாகும். கருவி அவற்றை நிறைவாரியாகப் பிரித்து எண்ணும். ஈயத்துக்கு 206, 207, 208 ஆகிய மூன்று ஐசோடோப்புகளையும் (ஒரே தனிமத்தின் வெவ்வேறு நிறை கொண்ட அணுக்கள்) கூட்டிப் பார்ப்பதே சரி. தாது எந்தச் சுரங்கத்திலிருந்து வந்தது என்பதைப் பொறுத்து அவற்றின் விகிதம் மாறும்.

2017 நவம்பர் முதல் இந்தியாவில் வீட்டுப் பெயிண்டுக்கான ஈய வரம்பு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு). 0.1 கிராம் பெயிண்டை 50 மில்லியாகக் கரைத்தால், வரம்பளவு ஈயம் கரைசலில் 180 பிபிபி (நூறு கோடியில் 180 பங்கு) ஆகும். பிபிபி-யிலும் சிறு பங்கை அளக்கும் கருவிக்கு இது மிகத் தாராளம். இன்னும் பத்து மடங்கு நீர்க்க வைத்தே அளக்கலாம்.

சிமெண்ட் வேறு கதை. கொத்தனார்களின் கையில் தோல் அழற்சியை உண்டாக்குவது ஆறு இணைதிறன் கொண்ட, நீரில் கரையும் குரோமியம் என்ற உலோகத்தின் வடிவம். அமிலத்தில் கரைத்து அளந்தால் மொத்தக் குரோமியம் மட்டுமே தெரியும். எனவே நீரில் சாறெடுத்து, அயனி குரோமட்டோகிராஃபியில் (கரைந்த அயனிகளை வகைவாரியாகப் பிரிக்கும் முறை) பிரித்த பிறகே அளக்க வேண்டும். ஆர்கானும் கார்பனும் சேர்ந்த அயனிக்கும் நிறை 52, குரோமியத்துக்கும் 52 என்பதால், அந்தப் போலியை வடிகட்ட ஹீலியம் வாயுவைப் பயன்படுத்துவார்கள்.

முடிவு வரும்வரை, குழந்தைகள் இருக்கும் வீட்டில் அந்தப் பழைய பெயிண்ட் உள்ள சுவரை உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள்.