வாசகர் கேள்வி – பதில்: விளையாட்டு மாந்தரின் குணமும் நடத்தையும்

மனித வாழ்க்கையைப் போலச் செய்துகாட்டும் கணினி விளையாட்டுகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதிய குறிப்பைப் படித்துவிட்டு வன்னியின் பல ஊர்களிலிருந்து வாசகர்கள் மடல் எழுதியிருக்கிறார்கள். விளையாட்டுக்குள் நாம் அமைக்கும் ஒரு மாந்தருக்குக் கொடுக்கும் குணம் அவருடைய நடத்தையை எப்படி மாற்றுகிறது என்பதையே பெரும்பாலானோர் கேட்டிருப்பதால், இம்முறை அந்த ஒரு விடயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, ‘தி சிம்ஸ் 4’ விளையாட்டில் எங்கள் வீட்டையே அமைத்தேன். என் அம்மம்மா ஒரு கோப்பையைக்கூடக் கழுவாமல் வைக்கமாட்டார். ஆகவே அவருக்குத் ‘துப்புரவு விரும்பி’ என்ற குணத்தைக் கொடுத்தேன். ஆனால் விளையாட்டில் வந்த அம்மம்மாவோ சாப்பிட்ட கோப்பையை மேசையில் விட்டுவிட்டு வானொலிக்கு முன்னால் நின்று ஆடுகிறார். குணத்துக்கு அங்கே மதிப்பே இல்லையா? (உயர்தர மாணவி, முள்ளியவளை)

பதில்: மதிப்பு இருக்கிறது, பிள்ளை. ஆனால் அது கட்டளையாக வேலை செய்வதில்லை. தராசின் ஒரு தட்டில் கூடுதலாக வைத்த படிக்கல்லைப் போல வேலை செய்கிறது. இதை விளங்கிக்கொள்ள, அந்த மாந்தர் தம் பாட்டில் ஒரு காரியத்தைத் தெரிவு செய்யும்போது உள்ளே நடப்பதைப் பார்க்க வேண்டும்.

வில் ரைட் வடிவமைத்து மக்சிஸ் நிறுவனம் உருவாக்கிய முதலாவது சிம்ஸ் 2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் வெளிவந்தது. அதில் அறிவு முழுவதையும் மாந்தரின் தலைக்குள் வைக்காமல், வீட்டிலுள்ள பொருட்களுக்குள் பகிர்ந்து வைத்தார்கள். குளிர்சாதனப் பெட்டி ‘நான் உன் பசியைத் தீர்ப்பேன்’ என்றும், கட்டில் ‘உன் களைப்பைப் போக்குவேன்’ என்றும் இடைவிடாமல் அறிவித்துக்கொண்டிருக்கும். மாந்தர் அந்த அறிவிப்புகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் போடுவார். அந்த மதிப்பெண் தேவையின் கடுமையைப் பொறுத்தது. பசி சிறிதளவு இருக்கும்போது உணவுக்குக் கிடைக்கும் மதிப்பும், பசி உச்சத்தில் இருக்கும்போது கிடைக்கும் மதிப்பும் ஒன்றல்ல. தூரத்தில் இருக்கும் பொருளின் மதிப்புக் குறையும். குணத்துக்கு ஏற்ற காரியமாயின் மதிப்புக் கூடும். கடைசியில், மிகக் கூடிய மதிப்பெண் பெற்றதையே எப்போதும் எடுக்காமல், முன்னணியில் நிற்கும் சிலவற்றிலிருந்து ஒன்றைக் குலுக்கல் முறையில் எடுப்பார். அந்தக் குலுக்கல் இல்லாவிட்டால் மாந்தர் இயந்திரத்தைப் போலப் பிழையின்றி நடந்து, பார்ப்பவருக்கு மனிதராகவே தோன்றமாட்டார்.

உங்கள் அம்மம்மாவுக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் இடுபவை. கோப்பை கழுவுவதற்குச் சாதாரண ஒருவர் 10 மதிப்பெண் போடுவாராயின், துப்புரவு விரும்பி 30 போடுவார் என வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பகல் முழுவதும் அவருக்கு எந்தப் பொழுதுபோக்கும் கிடைக்காததால் வானொலிக்கு 55 விழுந்துவிட்டது. அவர் ஆடப்போனது அதனால்தான். அழுக்குக் கோப்பை அவருக்குப் பிடிக்காததுதான். அவ்வேளையில் வேறொரு தேவை அதைவிடப் பெரிதாக இருந்தது. அவருடைய பசி, களைப்பு, பொழுதுபோக்கு, உறவாடல் ஆகியவற்றை நிறைவாக வைத்துவிட்டு, நீங்கள் எதுவும் சொல்லாமல் சில நாட்கள் பார்த்துக்கொண்டிருங்கள். அதே வீட்டில் அந்தக் குணம் இல்லாத ஒருவரையும் விட்டுப் பாருங்கள். யார் எத்தனை தடவை கழுவுகிறார் என்று ஒரு தாளில் குறித்தால் வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

‘சிம்ஸ் 4’இல் இந்தக் குணத்துக்கு வேறு இரண்டு வேலைகளும் உண்டு. துப்புரவு விரும்பிக்கு வீட்டு வேலை செய்வதே மகிழ்ச்சியையும் பொழுதுபோக்கையும் தரும். அழுக்கான இடத்தில் இருந்தால் மற்றவர்களைவிட அவருக்கு அதிக உபாதையாக இருக்கும். ஆகவே அவர் எதைச் செய்கிறார் என்பதை மட்டும் பார்க்காமல், செய்தபின் அவருடைய மனநிலை எப்படி மாறுகிறது என்பதையும் பாருங்கள். குணம் அங்கேதான் அதிகமாகத் தெரியும்.

கேள்வி: என் அண்ணன் முன்பு விளையாடிய பதிப்பில் குணங்களுக்குப் புள்ளிகள் இருந்தன. இப்போது சொற்கள் மட்டுமே இருக்கின்றன. எது மேலானது? (வாசகர், வவுனியா)

பதில்: முதற்பதிப்பிலும், 2004இல் வந்த இரண்டாம் பதிப்பிலும் துப்புரவு, கூடிப் பழகுதல், சுறுசுறுப்பு, விளையாட்டுத்தனம், நற்பண்பு என ஐந்து அளவுகோல்கள் இருந்தன. 25 புள்ளிகளை அவற்றுக்கிடையே பங்கிட வேண்டும். ஒன்றுக்கு 10க்கு மேல் கொடுக்க முடியாது. 2009இல் வந்த மூன்றாம் பதிப்பு அளவுகோல்களைக் கைவிட்டு, 60க்கு மேற்பட்ட குணச்சொற்களிலிருந்து வளர்ந்தவருக்கு ஐந்தைத் தெரிவு செய்ய விட்டது. 2014இல் வந்த நான்காம் பதிப்பு அதை மூன்றாகக் குறைத்து, வாழ்க்கை இலட்சியத்தோடு சேர்ந்து வரும் ஒரு மேலதிகக் குணத்தையும், மாறிக்கொண்டே இருக்கும் உணர்ச்சி நிலைகளையும் சேர்த்தது.

என் விருப்பம் மூன்றாம் பதிப்பு. புள்ளி முறையில் ‘நடுத்தரமானவர்’ என்ற ஒருவரைப் படைக்க முடிந்தது உண்மையான நன்மைதான். நம்மில் பெரும்பாலானோர் அந்த நடுவில்தான் இருக்கிறோம். ஆனால் துப்புரவுக்கு 6 புள்ளி பெற்றவருக்கும் 7 பெற்றவருக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்ப்பவரால் கண்டுபிடிக்க முடியாது. ‘முன்கோபி’, ‘புத்தகப் பிரியர்’, ‘மறதிக்காரர்’ என்ற சொற்களோ ஒருவரை உடனே கண்முன் நிறுத்துகின்றன. அவ்வாறு ஐந்து சொற்கள் சேரும்போது, ஒன்றோடொன்று உரசும் குணங்களுக்கும் ஓரிடம் கிடைக்கிறது. மூன்றில் அந்த உரசல் குறைந்துவிடுகிறது. நான்காம் பதிப்பு அதை உணர்ச்சிகளால் ஈடுசெய்ய முயல்கிறது. தொல்காப்பியம் நகை, அழுகை முதலாக எட்டு மெய்ப்பாடுகளை வகுத்தது; உள்ளே நிகழ்வது உடலில் புலப்படுவதே மெய்ப்பாடு என்று உரையாசிரியர்கள் விளக்கினார்கள். விளையாட்டை வடிவமைப்பவருக்கும் அதே வேலைதான் இருக்கிறது, ஏனெனில் உடலில் தோன்றாத குணத்தை விளையாடுபவர் காண வழியில்லை.

கேள்வி: எனது மகனுக்கு வயது 13. அவன் அமைக்கும் மாந்தர்கள் எல்லோரும் தீயவர்களாகவும் கோபக்காரர்களாகவும் இருக்கிறார்கள். வீடு தீப்பற்றினால் சிரிக்கிறான். இவனுடைய குணமும் கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. (தாய் ஒருவர், பரந்தன்)

பதில்: தங்கள் பயத்தை மதிக்கிறேன் அம்மா. ஆனால் முதலில் ஒரு செய்தி: வீடு தீப்பற்றுவதற்குத் தீய குணம் காரணமன்று. சமையல் தெரியாதவரை மலிவான அடுப்பில் சமைக்க விட்டால், எவ்வளவு நல்லவராக இருந்தாலும் தீ பிடிக்கலாம். தீயவர் என்ற குணம் வேறொன்றைச் செய்கிறது. சுற்றியிருப்பவர்கள் துன்பத்தில் இருக்கும்போது அவருக்கு மகிழ்ச்சி உண்டாகிறது. இதைக் கண்டதும் பிள்ளைகள் இன்னும் என்ன நடக்கும் என்று சோதிக்கத் தொடங்குகிறார்கள். எறும்புப் புற்றில் தண்ணீர் ஊற்றிப் பார்த்த வயதை நாமும் கடந்துதான் வந்தோம்.

ஒருநாள் மாலை அவனுக்கு அருகில் ஒரு கதிரையைப் போட்டு உட்காருங்கள். ‘இவன் ஏன் இப்படிச் செய்கிறான்?’ என்று அந்த மாந்தரைப் பற்றியே கேளுங்கள். மகனைப் பற்றிக் கேட்க வேண்டாம். அதே வீட்டில் நல்லவர் ஒருவரையும் சேர்த்துவிட்டு, இருவரும் எப்படிப் பழகுகிறார்கள் என்று அவனோடு சேர்ந்து பாருங்கள். ‘சிம்ஸ் 4’க்கு 2017இல் வந்த பெற்றோர் பற்றிய ஒரு மேலதிகத் தொகுப்பில் நன்னடத்தை, பொறுப்பு, பிறர் துன்பம் உணர்தல், பிணக்குத் தீர்த்தல், உணர்ச்சியை அடக்குதல் என ஐந்து பண்புகள் பிள்ளைப் பருவத்தில் ஏறி இறங்குகின்றன. பெற்றோர் கண்டிப்பதும் அரவணைப்பதும் அவற்றை மாற்றும். பிள்ளை வளர்ந்தவராகும்போது அவற்றில் மிக ஏறியோ மிக இறங்கியோ நிற்பவை குணமாக நிலைத்துவிடும். அடிப்படை விளையாட்டு 2022 ஒக்டோபரிலிருந்து இலவசம் என்றாலும் அந்தத் தொகுப்புக்குப் பணம் கட்ட வேண்டும். அது இல்லாமலும் இந்த உரையாடலை நடத்தலாம்.

கேள்வி: நானும் நண்பர்களும் வன்னிக் கிராமம் ஒன்றைக் களமாக வைத்து வாழ்க்கையைப் போலச் செய்துகாட்டும் ஒரு சிறிய (சிமுலேஷன்) விளையாட்டை எழுதிக்கொண்டிருக்கிறோம். குளம், வயல், யானைக் காவல் எல்லாம் உண்டு. மாந்தருக்கு 40 குணங்களைத் திட்டமிட்டிருக்கிறோம். போதுமா? (பொறியியல் மாணவர், அறிவியல் நகர், கிளிநொச்சி)

பதில்: மிகவும் மகிழ்ச்சி தம்பி. 40 கூடிவிட்டது என்பதே என் கருத்து. குள்ளர்களின் குடியிருப்பை நடத்தும் ‘டுவார்ஃப் ஃபோர்ட்ரெஸ்’ விளையாட்டில் ஒவ்வொரு குள்ளருக்கும் ஏறத்தாழ 50 குணக்கூறுகள் 0 முதல் 100 வரையிலான அளவில் இருக்கின்றன என்பது உண்மை. ஆனால் அதைச் சகோதரர்கள் இருவர் 2006இல் முதற்பதிப்பை வெளியிட்ட பின்னும் பல்லாண்டுகள் செதுக்கிவந்திருக்கிறார்கள். உங்களுக்குப் பொருத்தமான முன்மாதிரி, குடியேறிகளின் சிற்றூரை நடத்தும் ‘ரிம்வேர்ல்ட்’ விளையாட்டு. அங்கே குடியேறி ஒருவருக்கு ஒன்று முதல் மூன்று வரையான குணங்களே கிடைக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் நாள்தோறும் ஒரு நிலைமையோடு மோதுகிறது. ‘இரவு விரும்பி’ இரவில் விழித்திருந்தால் மனம் நிறைவார், நடுப்பகலில் விழித்திருந்தால் சோர்வார். இந்த ஒரே குணத்தை உங்கள் களத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். கதிர் முற்றும் காலத்தில் மரத்தின் மேல் கட்டிய காவற் கொட்டிலுக்கு இவரை அனுப்பினால் ஊருக்கே நன்மை. அதே மனிதரை நடுப்பகலில் வரம்பு கட்ட அனுப்பினால் அவரும் வருந்துவார், வேலையும் கெடும். பயந்த சுபாவம் உடையவர் தனியே காவலுக்குப் போக மறுக்கலாம், துணை கிடைத்தால் போகலாம். சிறுபோகத்தில் குளத்து நீர் குறையும்போதுதான் பேராசைக்காரர் யார் என்பது தெரியவரும். மாரியில் குளம் நிரம்பி வான் பாய்கையில் அவரும் தாராள மனம் உடையவராகவே தோன்றுவார். எந்த நிலைமையோடும் மோதாத குணம் திரையில் எழுதிய வெறும் சொல்லாகவே நின்றுவிடும். ஆகவே முதலில் ஊரின் நிலைமைகளை எழுதி, பிறகு அவற்றில் இரண்டு பேரையாவது வெவ்வேறு விதமாக நடக்கச்செய்யும் குணங்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. குணம் ஒரு செயலைத் தடுக்கக் கூடாது. அந்தச் செயலுக்கு ஒரு விலையை வைக்க வேண்டும். மன்னர் பரம்பரையை நடத்தும் விளையாட்டாக 2020இல் வந்த ‘குருசேடர் கிங்ஸ் 3’ இதை அழகாகச் செய்கிறது. இரக்கமுள்ள மன்னன் கைதிக்கு மரண தண்டனை விதிப்பதை அது தடுப்பதில்லை. ஆனால் தன் இயல்புக்கு மாறாக நடந்ததற்காக அவனுடைய மன அழுத்தம் ஏறுகிறது. ஏறிக்கொண்டே போனால் அவன் உடைந்துபோகிறான். உங்கள் கமக்காரர் தன் இயல்பை மீறி அயலவரின் வாய்க்காலை அடைக்கும் இரவு, விளையாடுபவருக்கு நெடுநாள் நினைவில் நிற்கும்.

கேள்வி: என் மாமா 2009க்குப் பிறகு எவருடனும் கதைப்பதில்லை. வேலைக்குப் போவார், வருவார், வளவில் தனியே இருப்பார். விளையாட்டில் எங்கள் குடும்பத்தை அமைத்தபோது அவருக்குத் ‘தனிமை விரும்பி’ என்ற குணத்தைக் கொடுத்தேன். அம்மா அதைப் பார்த்துவிட்டு, “அண்ணை இப்படிப்பட்டவர் இல்லை” என்று சொல்லி எழும்பிப் போய்விட்டார். நான் எதைக் கொடுத்திருக்க வேண்டும்? (வாசகி, புதுக்குடியிருப்பு)

பதில்: உங்கள் மடலைப் பலமுறை படித்தேன், பிள்ளை. உங்கள் அம்மா சொன்னது சரி. ஏன் சரி என்பதை அந்த விளையாட்டின் கணக்கே காட்டிக்கொடுக்கிறது.

‘சிம்ஸ் 4’இல் தனிமை விரும்பி தனியே இருக்கும்போது மகிழ்ச்சி அடைகிறார், அந்நியர் அருகில் வந்தால் பதற்றம் கொள்கிறார். உறவாடல் என்ற தேவை குறைந்தாலும் அது மற்றவர்களைப் போல அவரை வாட்டுவதில்லை. அதாவது, அந்தக் குணத்தைத் தெரிவு செய்தபோது ‘இந்த மனிதருக்கு ஆட்கள் வேண்டியதில்லை, இப்படி இருப்பதே இவருக்குச் சுகம்’ என்று நீங்கள் கணினிக்குச் சொல்லிவிட்டீர்கள். அதன்பின் அவர் எத்தனை நாள் தனியே இருந்தாலும், ஒரு குறை இருக்கிறது என்று விளையாட்டு உங்களுக்குக் காட்டாது. வெளியில் தெரியும் நடத்தை ஒன்றாக இருக்கலாம். இயல்பால் தனித்திருப்பவரும், இழப்பால் தனித்திருப்பவரும் ஒரே மரத்தடியில் ஒரே மாதிரி உட்கார்ந்திருக்கலாம். கணக்கில் அவர்கள் இருவரும் நேரெதிரானவர்கள்.

இந்த இடத்தில் சிம்ஸின் குறையையும் சொல்ல வேண்டும். அங்கே ஒருவர் இறந்தால் உறவினருக்குத் துயர நிலை வரும், அதற்கு மணிக்கணக்கு உண்டு, முடிந்ததும் அது நீங்கிவிடும். வன்னியில் எவரும் துயரத்தை அப்படி அறிந்ததில்லை. 2023இல் வந்த ஒரு தொகுப்பு, வாழ்வின் போக்கில் மாந்தர் புதிய குணங்களைக் கண்டடைய வழி செய்திருக்கிறது. அது ஒரு நல்ல தொடக்கம். இந்த விடயத்தை நான் பார்த்தவரையில் ஆழமாக எடுத்துக்கொண்டது ‘டுவார்ஃப் ஃபோர்ட்ரெஸ்’ தான். அங்கே பெரிய நிகழ்ச்சிகள் நீண்டகால நினைவாகத் தங்குகின்றன. அந்த நினைவு பிறகும் திரும்பி வந்து மனநிலையைக் குலைக்கிறது, சில வேளைகளில் குணத்தின் அளவையே நிரந்தரமாக நகர்த்திவிடுகிறது. பிறந்தபோது இருந்த குணம் ஒன்று, நடந்தது ஒன்று, இரண்டும் சேர்ந்து இன்று காணும் மனிதர் ஒருவர் என்று அந்த விளையாட்டு பிரித்துக் கணக்கு வைத்திருக்கிறது. உங்கள் அம்மாவும் அப்படித்தான் தன் அண்ணனைக் கணக்கு வைத்திருக்கிறார். (மாமாவின் மௌனம் அவருக்கே பாரமாக இருப்பதாக வீட்டில் உணர்ந்தால், வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் கதைத்துப் பார்ப்பதில் தவறில்லை.)

ஆகவே அந்த மாந்தரை அழித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். 2009க்கு முன்பு மாமா எப்படி இருந்தார் என்று அம்மாவிடம் கேளுங்கள். பின்னேரங்களில் கரப்பந்து விளையாடப் போனவரா, வற்றாப்பளைப் பொங்கலுக்குப் பெடியளைக் கூட்டிக்கொண்டு நடந்தே போனவரா, சிரிக்கச் சிரிக்கக் கதை சொன்னவரா என்று கேட்டு, வரும் விடையிலிருந்து இரண்டு குணங்களை எடுங்கள். உறவாடல் தேவையைக் காட்டும் பட்டை குறைந்து சிவப்புக்குப் போனால் போகட்டும்; அந்தச் சிவப்புத்தான் உங்கள் மாமாவைப் பற்றி விளையாட்டு சொல்லக்கூடிய உண்மை. மூன்றாவது இடத்தை வெறுமையாக விட்டு, மடிக்கணினியை அம்மாவின் பக்கம் திருப்பி வையுங்கள்.